வயலுக்குப் போட்ட உரத்தால் புராஸ்டேட் புற்றுநோய் முற்றுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68, நெல் விவசாயி. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டு வருகிறோம். குறைந்திருந்த பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதத்தின் ரத்த அளவு) மீண்டும் ஏறுகிறது. புரதங்களில் பாஸ்பேட் சேர்வதால் புற்றணுக்கள் பெருகும் என்று படித்தேன். காலமெல்லாம் பாஸ்பேட் உள்ள டி.ஏ.பி. உரம் போட்டதுதான் காரணமா? ஊசியை நிறுத்திவிடலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: நீங்கள் படித்த பாஸ்பேட் உர மூட்டையிலிருந்து வருவதல்ல. அப்பா அந்தக் குற்ற உணர்வைச் சுமக்க வேண்டாம். செல்லுக்குள் இருக்கும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறிலிருந்து கைனேஸ் நொதிகள் ஒரு பாஸ்பேட்டை எடுத்துப் புரதத்தில் சேர்க்கின்றன. உடனே அந்தப் புரதம் வேலையைத் தொடங்கும், அல்லது நிறுத்தும். வேறு நொதிகள் அதை நீக்கிவிடும். பாஸ்பரிகரணம் எனப்படும் இது எல்லோர் உடலிலும் ஓயாமல் நடக்கிறது. இதைக் கண்டறிந்த எட்மண்ட் பிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1992-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

புராஸ்டேட் புற்றுநோயில் பலருக்கு, பி.டி.இ.என். என்ற கட்டுப்படுத்தும் மரபணு இழக்கப்படுகிறது. அதன்பின் ஏ.கே.டி. என்ற கைனேஸ் அடங்குவதே இல்லை. செல்லைச் சாகவைக்கும் புரதங்களில் அது பாஸ்பேட்டைச் சேர்த்து முடக்கிவிடுவதால், சாக வேண்டிய செல் பிழைத்துப் பெருகுகிறது. ஆண் ஹார்மோனைப் பிடித்துச் செல்லை வளரத் தூண்டும் ஏற்பி என்ற புரதத்திலும் கைனேஸ்கள் பாஸ்பேட் சேர்க்கின்றன. ஊசி ஆண் ஹார்மோனைக் குறைத்தபின் மிஞ்சியிருக்கும் சிறிதளவுக்கே அந்த ஏற்பி தூண்டப்படுகிறது. மேட்டூர் தண்ணீர் வராவிட்டாலும் போர் மோட்டார் போட்டு நடவை முடிப்போமே, அப்படித்தான். ஊசி போட்டும் பி.எஸ்.ஏ. ஏறுவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் ஊசியை நீங்களாக நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் ஹார்மோன் மீண்டும் சுரந்து நோய்க்குத் துணை போகும். பி.எஸ்.ஏ.யுடன், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவையும் பாருங்கள். அது நன்கு குறைந்திருந்தும் பி.எஸ்.ஏ. ஏறினால், அபிரட்டிரோன், என்சலுட்டமைடு போன்ற மாத்திரைகள் குறித்துப் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். ஏ.கே.டி.யைத் தடுக்கும் மருந்துகளும் இந்நோய்க்காக ஆராயப்பட்டுள்ளன. இன்சுலினும் அதே ஏ.கே.டி. வழியாகத்தான் வேலை செய்கிறது. அதனால் அம்மருந்துகள் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது வேறொன்றுக்கு. இந்த நோய் முதுகெலும்புக்குப் பரவக்கூடியது. அறுவடை நேரத்து முதுகுவலியை வயல் வேலையால் வந்தது என்று தைலம் தடவிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். இரவில் படுத்தாலும் குறையாத வலி, கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டிக்கொள்வது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடுத்த ஊசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.