ஒரே மாலையில் முடிந்துபோன புத்தகம்

கேள்வி: எனக்கு வயது 67. வாழ்நாள் முழுவதும் நாவல்களும் தன்வரலாறுகளுமாக எழுத்தையே படித்துப் பழகியவன். மகள் தந்த ‘பெர்சபொலிஸ்’ என்னும் சித்திரத் தன்வரலாற்றை ஒரே மாலையில் முடித்துவிட்டேன். பிடித்திருந்தது, ஆனால் எதையோ படிக்காமல் விட்டுவிட்டது போலவும் இருக்கிறது. இந்த வயதில் படக்கதை தேவையா? தேவையென்றால், அதை எப்படிப் படிப்பது?

பதில்: ஐயா, உங்கள் ஐயம் சரியானதே. நீங்கள் எழுத்தைப் படித்துவிட்டீர்கள். படங்களை இன்னும் படிக்கவில்லை. வரிகளின் மேல் ஓடியே பழகிய கண், ஒரு கட்டத்துக்குள் நுழைந்ததும் பேச்சுக் குமிழியைத் தேடிப் பிடித்து, அதிலுள்ள இரண்டு வரிகளை முடித்த கையோடு அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும். எனக்கும் இந்த அவசரம் அடங்க மூன்று புத்தகங்கள் ஆயின.

முதல் பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். 1980ஆம் ஆண்டில் பத்து வயதுச் சிறுமியாக, தலையை மூடிய துணியோடு, இந்நூலை எழுதி வரைந்த ஈரானியரான மர்ஜான் சத்ரபி தம்மை முதல் கட்டத்தில் வரைந்திருக்கிறார். அடுத்தது வகுப்பில் எடுத்த படம். தோழியர் நால்வர் வரிசையாக அமர்ந்திருக்க, அவர் மட்டும் இடது ஓரத்தில், ஏறக்குறைய முழுவதும் படச்சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார். அதைச் சொல்லும் வாக்கியத்தைப் படிக்க மூன்று நொடி போதும். ஆனால் சொந்த நாட்டிலேயே ஓரத்துக்குத் தள்ளப்படவிருக்கும் ஒருத்தியின் கதை அந்த விளிம்பிலேயே தொடங்கிவிடுகிறது என்பது, அங்கே சற்று நேரம் கண்ணை நிறுத்துபவருக்குத்தான் புலப்படும். இரு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியும் அப்படித்தான்: அதற்குள் நடந்ததை ஆசிரியர் வரைவதில்லை, வாசகரே இட்டு நிரப்ப வேண்டும். அறுபது ஆண்டுகள் வாழ்ந்து பார்த்தவரிடம் அதற்கான சரக்கு கூடுதலாகவே இருக்கும்.

வயதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கப் படக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னர் தம் இளமைக்காலக் குடியிருப்புகளின் நினைவுகளிலிருந்து ‘எ கான்ட்ராக்ட் வித் காட்’ நூலை 1978இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 61. படக்கதையின் பொருளும் சிறுவர்களுக்கு மட்டுமானதல்ல: இன்னொரு அமெரிக்கக் கலைஞரான ஆர்ட் ஸ்பீகல்மேன், நாஜி வதைமுகாமிலிருந்து பிழைத்த தம் தந்தையின் கதையை யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியர்களைப் பூனைகளாகவும் வரைந்து சொன்ன ‘மாஸ்’, 1992இல் சிறப்புப் புலிட்சர் விருது பெற்றது. அதன் இரண்டாம் பாகத்தை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் முதலில் அதிகம் விற்கும் புனைகதைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டு, ஸ்பீகல்மேன் கடிதம் எழுதிய பிறகு மாற்றிக்கொண்டது. எந்த வரிசையில் வைப்பது என்பதில் அவர்களுக்கே குழப்பம் இருந்திருக்கிறது!

உங்களுக்கு அடுத்ததாக நான் சொல்வது, கேலிச்சித்திரக் கலைஞர் ராஸ் சாஸ்ட் 2014இல் வெளியிட்ட ‘கான்ட் வீ டாக் அபவுட் சம்திங் மோர் ப்ளெசன்ட்?’. தொண்ணூறு வயதைத் தாண்டிய பெற்றோரைக் கவனித்த அனுபவத்தை நூல் நெடுகக் கேலிச்சித்திரமாக வரைந்துவந்தவர், தாயின் கடைசி நாள்களுக்கு வரும்போது கேலியைக் கைவிட்டு, படுக்கையில் கிடக்கும் அந்த முகத்தைக் கண்ணால் கண்டபடியே கோட்டோவியமாகத் தீட்டியிருக்கிறார்.

இவற்றைக் கைபேசியில் மட்டும் படிக்காதீர்கள். கட்டம் கட்டமாகப் பெரிதாக்கினால் பக்கத்தின் அமைப்பு சிதைந்துவிடும். அச்சுப் பிரதியைப் பகல் வெளிச்சத்தில் வைத்து, கையெழுத்து பொடியாக இருக்கும் இடங்களில் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பயன்படுத்துங்கள்.