விடுமுறையா, அது எந்தக் கடையில்?

கேள்வி: குதிரை வண்டியிலேயே குடும்பம் நடத்தி, ஊர் ஊராகப் பாடித் திரிந்த இங்கிலாந்து ரோமானிப் பெண்களைப் பற்றிப் படித்தேன். வாழ்க்கை முழுக்க விடுமுறை! உங்களுக்குப் பொறாமையாக இல்லையா? (வாசகி, கரூர்)

பதில்: அம்மா, இந்த அலுவலகத்தில் 'விடுமுறை' என்பதைச் சத்தம் போட்டுச் சொல்லக் கூடாது. பிழைதிருத்துபவர் காதில் விழுந்தால் பேனாவை மூடிவிடுவார். போன தீபாவளிக்கு மூன்று நாள் கேட்டார், மலர் வேலை தலைக்கு மேல் கிடக்கிறதே என்று ஒரு நாள் கொடுத்தேன், அந்தக் கோபத்தில் என் தலையங்கத்தில் 'அரிய கருத்து' என்றிருந்தது 'அரிசிக் கருத்து' ஆனதைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டார். கிலோ என்ன விலை என்று கேட்டுப் பதினோரு கடிதம் வந்தது.

சரி, உங்கள் பெண்களுக்கு வருகிறேன். இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் கொடி காடாக விளையும். இயந்திரம் வராத அந்தக் காலத்தில், செப்டம்பர் அறுவடைக்கு ரோமானிக் குடும்பங்கள் வந்து இறங்கும். மரச்சட்டத்தில் தொட்டில் போலக் கட்டிய சாக்கைச் சுற்றி நின்று பூப்பூவாகக் கிள்ளிப் போட வேண்டும். கை கறுத்துப்போகும், கசப்பு விரலை விட்டுப் போகாது. அளந்து பார்த்துத்தான் கூலி. இதுதான் விடுமுறை!

அந்த வட்டாரத்தில் பாடிய ரோமானிப் பெண் எஸ்தர் ஸ்மித். 1912-இல் நாட்டுப்பாடல் சேகரித்த உள்ளூர்க்காரரான எல்லா (Ella) லெதர் அம்மையாரும் இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸும் அவரிடம் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பண்டிகையன்று ஒருவன் உழுகிறான். என் பிறந்தநாளில் ஏனப்பா உழுகிறாய் என்று இயேசுவே வந்து கேட்கிறார். எனக்குத் தேவை இருக்கிறது, உழுகிறேன் என்கிறான். அவ்வளவுதான், பூமி பிளந்து ஆளை விழுங்கிவிடுகிறது, பெண்டாட்டி பிள்ளை தெருவில். மாதம் முடிந்தால் சம்பளம் வாங்குகிறவன் கட்டிய பாட்டு போலத்தான் எனக்குப் படுகிறது. உழைக்காத நாளில் உலை வைக்க முடியாத ஒருத்தி இதை எந்த மனசோடு பாடியிருப்பார்? ஆனால் பாடினார், மகளுக்கும் கொடுத்தார். மகள் மே பிராட்லி அரை நூற்றாண்டு கழித்து லட்லோ ஊரில் அதே பாட்டை ஒலிநாடாவுக்குப் பாடினார்.

'நாட்டுப்புறப் பாடல், ஆசிரியர் தெரியவில்லை' என்று போடுகிறவர்களோடு எனக்குப் பழைய தகராறு உண்டு. எழுதியவர் தெரியாவிட்டால் போகட்டும், பாடியவள் பெயரைப் போட என்ன கேடு? ரோமானிகளுக்கு ஒட்டிக்கொண்ட ஜிப்ஸி என்ற பெயரே எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று வெள்ளைக்காரன் தப்பாக நினைத்து வைத்ததுதான். இந்தியாவிலிருந்து போனவர்கள். தண்ணீரை இன்னும் 'பானி' என்கிறார்கள், டெல்லி ரயிலில் நாம் தொண்டை காய்ந்து கேட்பதே அதுதான்.

இந்தப் பதிலின் மெய்ப்பு இப்போதுதான் திரும்பி வந்தது. பூமி பிளக்கும் வரியின் கீழ் சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் 'டிசம்பர் 25?' என்று ஒரு குறிப்பு.