ஃப்ளூ சீசனில் கர்ப்பிணியும் கைக்குழந்தையும்: கேள்வி பதில்

கே: 7 மாதம் டாக்டர். டிடி ஊசி இரண்டும் போட்டாச்சு. ஃப்ளூ ஊசி தனியாக வேணுமா? "வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு எதுக்கு வம்பு" என்கிறார் மாமியார்.

வேணும். டிடி ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும்தான். ஃப்ளூ ஊசியில் இருப்பது செத்த வைரஸ். எந்த மாதத்திலும் புஜத்தில் போடலாம். பலன் வர இரண்டு வாரம் ஆகும், தள்ளிப்போடாதீர்கள். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வகை மட்டும் ஆகாது; அதில் உயிருள்ள வைரஸ். பிள்ளைக்கு 6 மாதம் முடியும்வரை இந்த ஊசி போட முடியாது, நஞ்சுக்கொடி வழியாக நீங்கள் கொடுத்தனுப்பும் எதிர்ப்புச் சக்திதான் அதற்குக் காவல் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். அப்படியே அவருக்கும் ஒன்று போட்டுவிடுங்கள். கக்குவானுக்கான டிடாப் ஊசியை 27 முதல் 36 வாரத்துக்குள் கேட்டுப் போடுங்கள்.

கே: 6 மாதம். நேற்றிலிருந்து 101 காய்ச்சல், உடம்புவலி. மெடிக்கலில் ஐபுப்ரோஃபென் வாங்கலாமா?

கூடாது. 20 வாரத்துக்கு மேல் அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். பாராசிட்டமால் 500 போதும், 6 மணி நேரத்துக்கு ஒன்று. இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஃப்ளூ என்று அவர் சந்தேகப்பட்டால் ஓசல்டாமிவிர் 75 மி.கி. காலை, இரவு 5 நாள் தருவார். 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பலன். டெஸ்ட் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். மூச்சு வாங்கினாலோ பிள்ளை அசைவு குறைந்தாலோ நேரே ஆஸ்பத்திரி.

கே: எனக்கு ஃப்ளூ. 20 நாள் குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?

தாராளமாக. ஃப்ளூ பால் வழியாகப் பரவாது; இருமலிலும் கையிலும் பரவும். மாஸ்க் போட்டு, சோப்பால் 20 விநாடி கை கழுவிவிட்டுத் தூக்குங்கள். மூக்கைத் துடைத்த அதே முந்தானையால் பிள்ளையின் கடைவாயைத் துடைப்பதுதான் பலர் வீட்டில் நடக்கிற தப்பு. முடியாத நாளில் பாலைப் பீய்ச்சி, கொதிக்க வைத்து எடுத்த பாலாடையில் வேறு யாராவது புகட்டட்டும்.

கே: குழந்தைக்கு மூக்கடைப்பு. பாட்டி எண்ணெய் விட்டு ஊதச் சொல்கிறார்.

வேண்டவே வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. சாம்பிராணிப் புகையும் வேண்டாம்; கற்பூரம் தேய்த்தால் வலிப்பே வரலாம். பால் கொடுக்கும் முன் சலைன் சொட்டு மருந்து, துவாரத்துக்கு 1-2 சொட்டு. (தீட்டு என்று வெளியாட்களைத் தள்ளி வைக்கும் பாட்டியின் வழக்கத்தை மட்டும் கெடுக்காதீர்கள். காரணம் எதுவானாலும் பலன் நல்லது.)

கே: எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

மூன்று மாதம் முடியாத குழந்தைக்கு 100.4 காட்டினால் ராத்திரியானாலும் கிளம்புங்கள். வீட்டிலேயே காய்ச்சல் சொட்டு மருந்து கொடுத்து அதை மறைத்துவிடாதீர்கள். நெஞ்சோடு அணைத்துப் போர்த்தியும் 97.7-ஐத் தாண்டாமல் சில்லென்று கிடந்தாலும் அதே அவசரம்தான். சட்டையை விலக்கி, தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை முழு 1 நிமிடம் எண்ணுங்கள். பச்சைக் குழந்தை விட்டுவிட்டு மூச்சு விடும், 5-10 விநாடி நிற்கும். அதனால் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்குத் தப்பும். இரண்டு மாதம் முடியாத பிள்ளைக்கு 60-ஐத் தொட்டால் மறுபடி எண்ணுங்கள். அப்போதும் அதுவே என்றாலோ, விலா உள்வாங்கினாலோ, எழுப்பியும் பால் குடிக்காமல் துவண்டாலோ, காய்ச்சல் இல்லை என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.