தொழில்நுட்ப இணையதளம் ஒன்றை உருவாக்கும் மென்பொருள் உருவாக்குநரின் அன்றாடம் எப்படி இருக்கும்?

பகலில் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரவு ஒன்பதரை மணிக்கு மேல் என் சொந்தத் தளம். அறிவியல், கணினித் துறைகளின் தமிழ்க் கலைச்சொற்களைத் தேடிப் பார்க்க உதவும் தளம் அது. ஏறத்தாழ 6,000 சொற்கள், மூன்று வருட உழைப்பு. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓட, ஒருவன் விசைப்பலகையை விளாசிக்கொண்டிருக்கும் காட்சியை நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். எனக்கு வாய்த்தது வேறு. பெரும்பாலான இரவுகளில் ஏதோ ஓர் எழுத்தை முறைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். "தம்பி, நான் முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன். உங்கள் தளத்தில் பௌதிகம் என்று தேடினால் ஒன்றும் இல்லை என்கிறது. நீங்கள் இயற்பியல் என்றுதான் சொல்வீர்கள், தெரியும். அதற்காக எங்கள் சொல்லை விட்டுவிடலாமா?"

சுருக்கென்றது. இலங்கை வழக்குச் சொற்களை நானே பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்தேன். தளத்தைத் திறந்தால் பட்டியலில் அந்தச் சொல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. ஐயா அனுப்பிய சொல்லை நகலெடுத்துத் தேடினால் இல்லை. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு வித்தியாசம் வேண்டாம், ஒரு வித்தியாசம்கூடத் தெரியவில்லை.

யூனிகோடு குறியீடுகளாக, அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் கணினி வைத்திருக்கும் எண்களாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அவருடைய 'பௌ'வில் இருந்தவை இரண்டு: ப, அதனோடு ஔகாரக் குறி. என்னுடையதில் மூன்று: ப, எகரக் குறி, அடுத்து முழுசாக ஒரு ளகரம். அதாவது என் தளத்தில் இருந்தது 'பெளதிகம்', பெ-ள-தி-க-ம். தட்டச்சுப் பொறியில் பழகிய கைகளுக்கு ஔகாரக் குறியின் வாலும் ளகரமும் ஒன்றுதான். பட்டியலைத் தட்டச்சு செய்து தந்த நண்பரின் அப்பா அப்படிப் பழகியவர். அவர்மேல் குற்றமில்லை, பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. 'கெளரவம்' என்று எழுதியவர் கௌரவத்தைத்தான் எழுதினார்.

ஒரே எழுத்தை வெவ்வேறு விதமாக உள்ளிட்டாலும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யூனிகோடு நியமமாக்கல் கைகொடுக்கும் என்று நம்பினேன். 'கொ'வை ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்து உள்ளிட்டிருந்தால் அது சேர்த்துவைத்துவிடும். ஆனால் ளகரம் அதன் பார்வையில் வேறு எழுத்து. சேர்க்காது. சேர்க்கக் கூடாது என்பதும் நியாயம்தான்.

அன்று நான் செய்த காரியத்தை இங்கே எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். இரவு பதினொரு மணி, தூக்கக் கலக்கம். எகரக் குறிக்குப் பின்னால் ளகரம் வரும் இடங்களிலெல்லாம் ஔகாரக் குறியைப் போடு என்று ஒற்றை வரிக் கட்டளை. அதையும் சோதனைத் தரவில் ஓட்டாமல் நேரடித் தரவுத்தளத்தின் மேலேயே ஓட்டினேன். பௌதிகம் வந்தது, வௌவால் வந்தது. வெற்றிக் களிப்போடு தூங்கப் போனேன்.

காலையில் ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தார்: "அண்ணா, வெளியீடு என்ற சொல்லில் வட்டம் வட்டமாக வருகிறதே?" நிரலாக்கச் சொற்களில் 'வெளியீடு' இல்லாத பக்கம் ஏது? வெளியீடு, வெளி, வெள்ளி, தெளிவு எல்லாவற்றிலும் ளகரத்தைப் பிடுங்கிவிட்டேன். ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் தவித்த உயிர்க்குறிகள் புள்ளி வட்டங்களைச் சுமந்துகொண்டு நின்றன. தானியங்கிக் காப்பு நகல் அதிகாலை இரண்டு மணிக்கு எடுக்கப்படுவது, எனவே அன்றைய நகலிலும் அதே சேதம். முந்தைய நாள் நகலிலிருந்து மீட்டதில் நடுவில் சேர்த்த 14 சொற்கள் போயின. அவற்றை அலுவலக மதிய இடைவேளையில் மறுபடியும் உள்ளிட்டேன். தயிர்சாதம் டப்பாவிலேயே இருந்தது.

இரண்டாவது முறை தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கைவைத்தேன். ளகரத்துக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது உண்மையான ளகரம். வெளி, வெள்ளம், தெளிவு. அடுத்து வேறொரு மெய்யெழுத்து நேரடியாக வந்தால் அநேகமாக அது ஔகாரத்தின் வால். பெளதிகம், வெளவால், மெளனம். 'ஒளி'யைத் தொடாமல் 'ஒளவை'யை மட்டும் 'ஔவை' ஆக்கவும் இதே விதி போதும். இன்னொன்றும் செய்தேன்: மூலச் சொல்லைத் தொடவே இல்லை. தேடலுக்கென்று தரவுத்தள அட்டவணையில் தனியாக ஒரு நெடுவரிசை வைத்து, அதில் மட்டும் இந்த மாற்றம். பயனர் தட்டும் சொல்லும் அதே விதியைக் கடந்துதான் தேடலுக்குள் போகும். இப்போது எப்படித் தட்டினாலும் கிடைக்கிறது.

இது ஓர் எழுத்தின் கதை. மற்றவையும் இதே இனம்தான். சொற்களைப் பிரிக்க, 'எழுத்து' என்று யூனிகோடு வகைப்படுத்தியவற்றை மட்டும் எடு என்று எழுதினால், 'தமிழ்' என்ற சொல் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாக வரும். இகரக் குறியும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்துகள் அல்ல, குறிகள். நமக்கு மூன்று எழுத்தாக இருக்கும் 'தமிழ்' கணினிக்கு ஐந்து குறியீடு, எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட், இணைய முகவரியில் சதவீதக் குறிகளோடு நீட்டினால் 45 எழுத்து. அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் பார்த்த என் மாமா, வைரஸ் என்று நினைத்து அழித்துவிட்டார்.

மற்றபடி சர்வருக்குப் பணம் கட்டுவது, தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாவது, தேடுபொறி ரோபோக்கள் படையெடுப்பது எல்லாம் உண்டு. எல்லாத் தளத்துக்கும் உள்ளதுதான்.

யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு அப்போதே பதில் எழுதினேன். மறுநாளே நன்றி சொன்னார். போன வாரம் மறுபடியும் ஒரு கடிதம்: "தம்பி, பௌதிகம் கிடைக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் வகர வரிசையில் வன்பொருள், வரைபடத்துக்கு முன்னால் நிற்கிறதே? னகரம் கடைசி மெய் அல்லவா? சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

தரவுத்தளம் யூனிகோடு எண் வரிசையில் அடுக்குகிறது. அந்த வரிசையில் னகரம் நகரத்துக்குப் பக்கத்தில், பகரத்துக்கும் முன்னால் இருக்கிறது. தமிழ் அகரவரிசை தெரிந்த வரிசையாக்கி ஒன்றை இனிமேல்தான் பொருத்த வேண்டும். இன்றிரவு அந்த வேலைதான். காப்பு நகல் எடுத்துவிட்டேன்.