ஒஷோசி: காட்டு வேட்டைத் தெய்வம் பற்றிக் கேள்வி பதில்

கேட்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். பிரேசில் வழக்கமா, கியூபா வழக்கமா என்று சொல்லிக் கேளுங்கள். இரண்டையும் கலந்தால் பதில் தப்பாகிவிடும்.

கேள்வி: ஒஷோசி யார்?

மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்களின் வேட்டைத் தெய்வம். இன்றைய பெனின் நாட்டில் இருக்கும் கேட்டூ அரசுதான் அவருக்கு முக்கியமான இடம். பக்கத்து தஹோமி அரசின் படைகள் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பத் தாக்கி, பிடித்தவர்களை அடிமைகளாக விற்றன. 1886இல் நகரத்தையே எரித்தார்கள். அவரை வழிபடத் தெரிந்தவர்கள் பிரேசிலுக்கும் கியூபாவுக்கும் கப்பலேற்றப்பட்டதால் சொந்த மண்ணில் வழிபாடு ஏறக்குறைய அற்றுப்போனது. பிரேசிலின் பாஹியா மாநிலத்தில், ஆப்பிரிக்க அடிமைகள் வழியாக வளர்ந்த கண்டோம்ப்ளே சமயத்தின் கோயில்களிலோ இன்றும் அவர்தான் கேட்டூவின் அரசர். இந்த வரலாற்றை எத்தனை முறை படித்தாலும் மனசு கனத்துப்போகிறது.

கேள்வி: ஒற்றை அம்புக் கதை என்ன?

கிழங்கு அறுவடைத் திருவிழாவில் சூனியக்காரிகள் அனுப்பிய ராட்சதப் பறவை அரண்மனைக் கூரையில் வந்து உட்கார்ந்தது. இருபது, நாற்பது, ஐம்பது அம்பு வைத்திருந்த வேடர்கள் எல்லாரும் தோற்றார்கள். கடைசியில் வந்தவனிடம் ஒரே அம்பு. அவன் அம்மா அவனுக்காகப் படையல் வைத்த நேரத்தில் பறவையின் மார்பு தளர்ந்தது, அம்பு பாய்ந்தது. வீரத்தை மட்டும் பேசி அந்தப் படையலை விட்டுவிடாதீர்கள், கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

கேள்வி: அவருக்கு என்ன நிறம்?

கேட்டூ வழிக் கண்டோம்ப்ளேயில் வெளிர் நீலம். பிரேசிலின் இன்னொரு சமயமான உம்பாண்டாவில் பச்சை.

கேள்வி: தேன் படைக்கலாமா?

பிரேசிலின் கேட்டூ வழியில் கூடவே கூடாது, தேன் அவருக்கு விலக்கு. தேங்காய்த் துண்டு போட்டு அவித்த சோளம் படைப்பார்கள். வீட்டுக்கு வீடு முறை மாறும், அதனால் உங்கள் கோயில் தாயிடம் (கோயிலை நடத்தும் பெண் குரு) கேட்காமல் எதையும் வைக்காதீர்கள்.

கேள்வி: கியூபாவில் வழக்கு உள்ளவர்கள் ஏன் அவரிடம் போகிறார்கள்?

அங்கே அவர் எலெகுவா, ஒகூன் என்ற தெய்வங்களோடு சேர்ந்த போர்வீரர். குறி தப்பாத அம்பு என்பதால் நீதியும் சிறையும் அவர் பொறுப்பு. ஆனால் அங்கே சொல்லும் கதையில், தான் பிடித்த பறவையைத் திருடியவர் நெஞ்சில் பாயட்டும் என்று அவர் விட்ட அம்பு, எடுத்தது யாரென்று தெரியாமல் சொந்த அம்மாவைக் கொன்றது. தவறு உங்கள் பக்கம் இருந்தால் அவரை அழைக்காதீர்கள்.

கேள்வி: பச்சையா நீலமா?

மேலே சொல்லிவிட்டேன். எந்த வழி என்று பாருங்கள்.

கேள்வி: புனித செபஸ்தியாரும் ஒஷோசியும் ஒருவர்தானே? இருவருக்கும் அம்பு இருக்கிறதே.

இல்லை. செபஸ்தியார் அம்பு பாய்ந்தவர், ஒஷோசி அம்பு விடுகிறவர். ரியோவில் செபஸ்தியார், பாஹியாவில் புனித ஜார்ஜ், கியூபாவில் புனித நார்பர்ட் என்று ஊருக்கு ஒருவரை இணைத்திருக்கிறார்கள். ஒரே ஆள் என்றால் மூன்று பெயர் எப்படி வரும்?

கேள்வி: மக்கள் ஒன்றாகத்தானே கும்பிடுகிறார்கள்? நீங்கள் யார் மறுக்க?

நியாயமான கேள்வி. 1983இல் பாஹியாவின் தலைநகர் சால்வடோரின் மூத்த கோயில் தாய்மார் சிலர், ஒரிஷாக்கள் என்ற யொருபா தெய்வங்கள் கத்தோலிக்கப் புனிதர்கள் இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். அவர்களில் ஒருவரான ஸ்டெல்லா அம்மையார் ஒஷோசிக்கே தீட்சை பெற்றவர், 2018இல் காலமானார். அடிமைக் காலத்துக் கட்டாயத்தில் போட்ட புனிதர் முகமூடி இனி தேவையில்லை என்பது அவர்கள் வாதம், நானும் அந்தப் பக்கம்தான். அதே சால்வடோரில் ஒஷோசி விழாவைக் கத்தோலிக்கத் திருநாளான கார்ப்பஸ் கிறிஸ்டி வியாழனில், திருப்பலியோடு சேர்த்து நடத்தும் பழைய கோயில்களும் உண்டு. உம்பாண்டாவில் செபஸ்தியார் படம் பீடத்திலேயே இருக்கும். அவர்கள் பக்தியைப் பொய் என்று சொல்ல மாட்டேன். நான் மறுப்பது, இரண்டும் ஆதியிலிருந்தே ஒன்று என்ற பேச்சை மட்டும்தான்.

கேள்வி: இணையத்தில் பணம் கட்டித் தீட்சை வாங்கலாமா?

வேண்டாம். தீட்சை ஒரு கோயில் குடும்பத்தில் சேர்வது. நேரில் போய்ப் பழகுங்கள்.

கேள்வி: ஹைத்தியின் கிரான் புவா இவர்தானா?

இல்லை. அவர் வோடூ மரபில் காட்டுக்கும் மூலிகைக்கும் உரியவர், வேடர் இல்லை. அங்கோலா வழிக் கண்டோம்ப்ளேயின் முத்தலம்போ வேட்டைத் தெய்வம்தான். ஆனால் மத்திய ஆப்பிரிக்காவின் பாண்டு மக்களிடமிருந்து வந்தவர், அவருக்குப் பாட்டும் மொழியும் வேறு.