மூத்த வீரரா, இளம் வீரரா? ஹாக்கி கேள்வி பதில்

கிளப் அணிகள் ஆள் சேர்க்கும் காலம் இது. மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைப் பற்றியவை: பேர் வாங்கிய மூத்த வீரரை அழைப்பதா, உள்ளூர்ப் பையனை இறக்குவதா? பையன்களுக்கு மட்டை பிடிக்கச் சொல்லித் தருகிறவன் என்ற முறையில் என் மனதில் பட்டதை அப்படியே சொல்கிறேன்.

கேள்வி (கிளப் செயலாளர், திருமங்கலம்): மாஸ்டர், தேசிய முகாம் வரை போய்வந்த 35 வயது முன்கள வீரர் ஒருவர் எங்களுக்கு ஆடச் சம்மதித்திருக்கிறார். வசூலான பணத்தில் பாதி அவருக்கே போய்விடும். எடுக்கலாமா?

வேண்டாம். முன்களத்துக்கு என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். இன்றைய ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றிக்கொள்ளலாம். அதனால் எதிரணியின் தடுப்பாட்டக்காரர் எந்த நேரமும் இளைப்பாறிவிட்டு வந்தவராகவே இருப்பார். பந்தைப் பறிகொடுத்த அடுத்த நொடியே திரும்பி ஓடி அவரை மறிக்க வேண்டியவர் முன்கள வீரர். வயதாகும்போது முதலில் குறைவது அந்த வேகம்தான். பந்து மட்டையில் இருக்கும்வரை 35 வயது தெரியாது. பந்து போன பிறகு தெரிந்துவிடும். அவர் ஓடாமல் விட்டதை எல்லாம் பின்னால் நிற்கும் உங்கள் ஹாஃப் (நடுக்கள) பையன்கள் ஓட வேண்டியிருக்கும்.

அதே வயதில், அதே பணத்துக்கு நல்ல கோல்கீப்பர் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர், பசுமலை): சார், கோல்கீப்பருக்கு மட்டும் வயது தடையாக இல்லையே, ஏன்?

தடையாகும் தம்பி, தாமதமாக ஆகும். இந்தியக் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடியபோது அவருக்கு 36 வயது. பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில், இரண்டாம் பகுதி தொடங்கிய சிறிது நேரத்திலேயே அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மீதி ஆட்டம் முழுவதையும் இந்தியா பத்துப் பேருடன் ஆடியது. ஆட்டம் 1-1 என்று முடிந்தது, ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றோம். பலரும் அவர் தடுத்த பந்துகளைப் பேசுகிறார்கள். நான் பார்த்தது அவருடைய வாயை. யார் எங்கே நிற்க வேண்டும், யாரை விட்டுவிடலாம் என்று பின்னாலிருந்து ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆள் குறைந்த அணிக்கு அந்தக் குரல்தான் பதினோராவது ஆள். பல நூறு ஆட்டம் ஆடாமல் அது வராது.

வயது அதிகம் தடுக்காத இரண்டாவது இடம் பெனால்டி கார்னர், அதாவது கோலுக்கு முன்னுள்ள வட்டத்தில் எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் வாய்ப்பு. முதல் ஷாட்டை அடித்தால் பந்து 460 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் கோலைக் கடக்கக் கூடாது; மட்டையால் இழுத்துத் தூக்கி எறிந்தால் அந்த உயரக் கட்டுப்பாடு இல்லை. அப்படி இழுத்து எறியும் டிராக் ஃப்ளிக் தெரிந்தவருக்கு இத்தனை விலை கிடைப்பது இதனால்தான். கொன்சாலோ பெயாட் 2016 ரியோவில் அர்ஜென்டினாவுக்குத் தங்கம் வென்றபோது 11 கோல் அடித்தார். பிறகு ஜெர்மனி அணிக்கு மாறி, 2023இல் அதற்காக உலகக் கோப்பையும் வென்றார். 32 வயதில் ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் ஹைதராபாத் அணி அவருக்கு 68 லட்சம் ரூபாய் கொடுத்தது. அது தெளிவான கணக்கு. ஒன்று மட்டும்: டிராக் ஃப்ளிக் முதுகைத் தின்னும். கையெழுத்துக்கு முன்பு இடுப்பு, முதுகு எப்படி இருக்கிறது என்று பிசியோவிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி (ஒரு தாய், கோவில்பட்டி): ஐயா, என் மகனுக்கு 17 வயது. வெளியூரிலிருந்து பெரிய ஆட்டக்காரர்களை அழைத்து வருவதால் இரண்டு வருடமாக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். படிப்பையாவது பார் என்று சொல்லிவிடலாமா?

அம்மா, உங்கள் கேள்விதான் இந்த வாரம் என்னை அதிகம் வருத்தியது. பெஞ்சில் உட்கார்ந்து யாரும் ஹாக்கி கற்றதில்லை. ஆனால் மூத்தவர் வந்தாலே இளையவன் இடம் போய்விடும் என்பதும் இல்லை. 2022 ஆசியக் கோப்பைக்கு ஜகார்த்தா போன இந்திய அணியை எண்ணிப் பாருங்கள். முதன்மை வீரர்கள் பெரும்பாலும் போகவில்லை. ஓய்வு அறிவித்துவிட்ட பீரேந்திர லக்ராவும் எஸ்.வி. சுனிலும் திரும்பி வந்து தலைவராகவும் துணைத் தலைவராகவும் நின்றார்கள். அவர்களைச் சுற்றிப் புதுமுகங்கள். அந்த அணியில்தான் உங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரில் பிறந்து கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்த கார்த்தி செல்வமும் இடம் பெற்றார்கள். கார்த்தி தன் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தார். அணி வெண்கலம் வென்றது. ஓரிரு மூத்தவர்கள், சுற்றிலும் பையன்கள்: நான் கேட்பது இந்த அளவைத்தான்.

படிப்பை விடச் சொல்லாதீர்கள், மட்டையையும் பிடுங்காதீர்கள். அவன் ஆடும் இடத்துக்கு வெளி ஆளை எடுக்காத கிளப் ஒன்றுக்கு அவனை மாற்றுங்கள். சின்ன கிளப்பாக இருந்தாலும் பரவாயில்லை, முழு ஆட்டம் ஆட வேண்டும்.

கேள்வி (வங்கி ஊழியர், மேலூர்): பெல்ஜியம் தன் பழைய வீரர்களையே நம்பி வீணாய்ப் போனது என்பது சரியா?

வீணாய்ப் போனது என்பது பெரிய வார்த்தை. 2018 உலகக் கோப்பை, டோக்கியோ தங்கம், 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் என்று ஒரே தலைமுறை கொண்டுவந்த அறுவடை அது. 2023இல் ஜெர்மனியிடம் ஷூட் அவுட்டில்தான் தோற்றார்கள். அடுத்த வருடம் பாரிஸ் காலிறுதியில் ஸ்பெயினிடம் 2-3. எல்லோரும் ஒன்றாக மூத்துப் போனதுதான் சிக்கல் என்பது என் எண்ணம். ஆண்டுக்கு இரண்டு பேரையாவது மாற்றியிருக்கலாம்.

கேள்வி (விளையாட்டு ஆசிரியர், உசிலம்பட்டி): இளைஞர்களை எடுக்கச் சொல்லி விதி போட வேண்டுமா?

போட வேண்டும். ஹாக்கி இந்தியா லீக்கை 2024இல் மீண்டும் தொடங்கியபோது 24 பேர் கொண்ட அணியில் நான்கு இந்திய ஜூனியர்கள் கட்டாயம் என்றார்கள். நம் வட்டாரப் போட்டிகளிலும் அப்படி ஒன்று வரட்டும். பட்டியலில் பெயர் இருந்தால் போதாது, களத்தில் இறங்கியாக வேண்டும் என்று எழுதுங்கள்.

ஜூனியர் உலகக் கோப்பை 2025இல் சென்னையிலும் நம் மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்திலும் நடந்தது. இந்தியா இங்கே சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்றதைப் பிள்ளைகள் நேரில் பார்த்தார்கள். நல்ல தரை வந்துவிட்டது. அதில் நம் பிள்ளைகள் ஆடுவதை விட்டுவிட்டு வாடகைக்கு ஆள் பிடித்து ஆடவைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கேள்வி (ரயில்வே ஊழியர், மதுரை): எனக்கு 34 வயது, சென்டர் ஹாஃப். இரண்டு கிளப்புகள் அழைக்கின்றன. ஒன்றில் பணம் அதிகம், எல்லா ஆட்டமும் நானே ஆட வேண்டும். இன்னொன்றில் குறைவு, ஆனால் 19 வயதுப் பையன் ஒருவனோடு பாதிப் பாதி ஆட வேண்டும். எது நல்லது மாஸ்டர்?

இரண்டாவது. பாதி ஆட்டம் என்றால் உங்கள் முழங்கால் இன்னும் சில வருடம் தாங்கும். பயிற்சிக்கு வாரத்தில் எத்தனை நாள் உங்களால் வர முடியும் என்பதை முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஆட்டத்தன்று மட்டும் வந்து போகிறவரிடமிருந்து அந்தப் பையனுக்கு எதுவும் கிடைக்காது.