தயிர் சாப்பிட்டால் தடிமன் வராதா?

கேள்வி: டொக்டர், என் 6 வயது மகனுக்கு அடிக்கடி தடிமன். புரோபயோட்டிக் (நல்ல பக்டீரியா அடங்கிய) கப்சியூல் கொடுக்கச் சொல்கிறாள் தோழி. மாமியோ சட்டித் தயிரே போதும் என்கிறார். எது சரி?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நான் மாமியின் கட்சி. மட்டக்களப்புத் தயிரும் கித்துள் பாணியும் கிடைத்தால் நானே சட்டியை வழித்துவிடுவேன். ஆனால் தயிர் தடிமனுக்கு மருந்தல்ல.

நம் நோய் எதிர்ப்புக் கலங்களில் பெரும்பங்கு குடலோரத்தில்தான் காவல் இருக்கிறது. அங்கே வந்துபோகும் பக்டீரியாக்களைத் தொட்டுப் பார்த்து, எதை விடலாம், எதை அடிக்கலாம் என்று அவை பழகுகின்றன. குடற்சளியில் ஐஜிஏ என்ற பிறபொருளெதிரி (கிருமிகளைத் தடுக்கும் புரதம்) சுரக்கவும் பக்டீரியாக்களே தூண்டுகின்றன. நார்ச்சத்தை நொதிக்கவைத்து அவை தரும் பியூட்டிரேற்று என்ற கொழுப்பமிலம் குடற்சுவருக்கு உணவு. வீண் அழற்சியையும் அடக்கும். ஆகவே கீரை, பருப்பு, குரக்கன் இல்லாமல் தயிரை மட்டும் கொடுத்துப் பெரிய பயனில்லை. (எதிர்ப்புசக்தி ஆய்வுக்காக 1908இல் நோபல் பெற்ற மெச்னிகோவும் புளித்த பால் பிரியர்தான்!)

கப்சியூல்? அதிலுள்ள பக்டீரியாவில் ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு வேலை. அன்ரிபயோட்டிக்கால் வரும் வயிற்றோட்டத்தைச் சில வகைகள் குறைக்கும். கப்சியூலை நிறுத்தினால் அந்தப் பக்டீரியாக்கள் பெரும்பாலும் சில நாட்களில் குடலைவிட்டு வெளியேறிவிடும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் கப்சியூலைத் தொடவே கூடாது.

அப்புறம், இந்த வயதில் ஆண்டுக்கு 6 முதல் 8 தடிமன் சாதாரணம். பிள்ளை ஓடி விளையாடி, எடை கூடிவந்தால் பயமில்லை. தயிரை மோர்க்குழம்பாகக் கொதிக்கவிட்டால் பக்டீரியா செத்துவிடும், அதை மட்டும் மாமியிடம் சொல்லுங்கள்.